முகத்தில் போட்ட ஃபில்லரை எடுத்தபோது: ஒரு குடும்பம் கற்றுக்கொண்டவை



2025ஆம் ஆண்டு ஜூலை மாதம் நடிகை உர்ஃபி ஜாவேத் தம் உதட்டில் போட்டிருந்த ஃபில்லரைக் கரைத்துக்கொண்ட காணொளியைத் தாமே வெளியிட்டார். ஊசி ஏறியதும் உதடும் முகமும் வீங்கிப்போன அந்தக் காட்சியை நம் வீட்டுப் பிள்ளைகளில் பார்க்காதவர்கள் குறைவு. போட்டது சரியான இடத்தில் அமையவில்லை, அதனால் கரைக்கிறேன், கரைப்பது மிகுந்த வலி தருவது, நல்ல மருத்துவரிடமே செல்லுங்கள் என்பது அவர் கூறியதன் சாரம். பின்னர் மீண்டும் இயல்பாகத் தெரியும்படி போட்டுக்கொள்வேன் என்றும் அவர் சொன்னார். சிலர் சிரித்தார்கள், சிலர் ஏசினார்கள், சிலர் துணிச்சலைப் பாராட்டினார்கள்.

அவருடைய வாழ்க்கை முறையைப் பற்றிப் பேசுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. அவர் பலர் அறியச் செய்ததை நம் குடும்பங்களில் ஒருவருக்கும் தெரியாமல் செய்துகொள்ளும் பெண் பிள்ளைகள் இருக்கிறார்கள். தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம், வேளச்சேரி என்று நம் தென்சென்னைப் புறநகர் முழுவதும் முக அழகுக்கு ஊசி போடும் இடங்கள் தெருவுக்குத் தெரு வந்துவிட்டன. போடுவதற்கு விளம்பரம் உண்டு. எடுப்பது எப்படி, எடுக்குமுன் எதைக் கவனிக்க வேண்டும், எடுத்தபின் முகமும் மனமும் எப்படித் தேறும் என்பதைத் தமிழில் சொல்வோர் இல்லை. என் தங்கையின் மகளுக்காக நாங்கள் இவற்றையெல்லாம் தேடி அறிய நேர்ந்தது. அவளுடைய சம்மதத்தோடும், அவளை அடையாளம் காட்டும் விவரங்களைத் தவிர்த்தும் இதை எழுதுகிறேன்.

"ராத்திரி அழுதியாம்மா?"

அவளுக்குச் சென்ற ஷவ்வாலில் நிக்காஹ் நடந்தது. அதற்கு இரண்டு வாரம் முன்பு, தோழி ஒருத்தியுடன் புறநகரில் உள்ள அழகு நிலையம் ஒன்றுக்குச் சென்று, உதட்டிலும் கண்களுக்குக் கீழே உள்ள பள்ளத்திலும் ஃபில்லர் போட்டுக்கொண்டாள். பெண் பார்க்க வந்த கூட்டத்தில் ஒரு பெண்மணி, "புள்ள களைச்சுப்போன மாதிரி இருக்கே, கண்ணு உள்ளே போயிருக்கே" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த ஒரு சொல் அவளைத் தைத்துக்கொண்டே இருந்திருக்கிறது. வீட்டில் எவருக்கும் சொல்லவில்லை. ஆறு மாதத்தில் தானாகவே கரைந்துவிடும் என்று அங்கே உறுதி கூறினார்களாம்.

உதட்டில் போட்டது ஏறத்தாழ அடங்கிவிட்டது. கண்ணுக்குக் கீழே போட்டது அடங்கவில்லை. நான்காம் மாதம் முதல் வலக்கண்ணின் கீழ் மெல்லிய நீலம் படரத் தொடங்கியது. ஃபஜ்ருக்கு எழும்போது அந்த இடம் பையைப் போல வீங்கியிருக்கும், அஸருக்குள் சற்று வடியும். ஒவ்வொரு நாளும் காலையில் அவளைப் பார்ப்பவர்களுக்கு, இரவெல்லாம் அழுத பெண்ணாகவே தோன்றினாள்.

மாமியார் முதலில் அன்போடுதான் கேட்டார், "ராத்திரி அழுதியாம்மா?" இல்லை மாமி என்றாள். சில நாள் கழித்து அவர் தம் மகனைத் தனியே அழைத்து, மருமகளை எதற்காக அழ வைக்கிறாய் என்று கண்டித்தார். அவள் பிறந்த வீட்டுக்கு வந்தபோது என் தங்கையும் அதையே எண்ணினாள். அங்கே பிள்ளை கஷ்டப்படுகிறாள், வாய் திறந்து சொல்ல மாட்டேன் என்கிறாள் என்று முடிவு கட்டினாள். அவளுடைய அத்தா பல்லாவரத்துக்குப் போய்ப் பேசிவிட்டு வருவதாகச் சட்டையை மாட்டிக்கொள்ளும் அளவுக்கு விஷயம் முற்றியது. எந்தத் தவறும் செய்யாத அந்தப் பையன், இரண்டு குடும்பங்களின் பார்வையிலும் மனைவியை வதைப்பவனாக ஆகிக்கொண்டிருந்தான்.

இதுதான் அவளை என்னிடம் கொண்டுவந்து சேர்த்தது. "பெரியம்மா, அவங்க மேல பழி விழுது. என்னால தாங்க முடியல" என்று சொல்லிவிட்டு, நடந்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் கூறினாள்.

நம் பகுதியில் இத்தகைய மறைப்பு புதிதன்று. தாம்பரம் சானடோரியம் ரயில் நிலையத்துக்கு அப்பெயர் வந்தது, 1928இல் டாக்டர் சவுரிமுத்து தொடங்கிய காசநோய் மருத்துவமனையால். அந்நோய் ஒரு வீட்டில் இருந்தால் பெண் எடுக்கவும் கொடுக்கவும் தயங்கிய காலம் ஒன்று இருந்தது, ஆகவே மறைத்தார்கள். நோயை மறைத்தவர்கள் இருந்த ஊரில் இன்று அழகுக்காகச் செய்துகொண்டதை மறைக்கிறார்கள். இரண்டிலும் அஞ்சுவது ஊராரின் நாவுக்கே.

உள்ளே இருப்பது என்ன?

ஃபில்லர் என்று சொல்லப்படுவது ஒரே பொருள் அன்று. இன்று பெரும்பாலும் பயன்படுவது ஹயலுரானிக் அமிலம் என்னும் கூழ். இது நம் தோலிலும் மூட்டுகளிலும் கண்ணிலும் இயற்கையாகவே உள்ளது. நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும் தன்மை உடையது. 1934இல் கார்ல் மேயர், ஜான் பால்மர் என்னும் ஆய்வாளர்கள் மாட்டின் கண்ணிலிருந்து இதை முதன்முதலில் பிரித்தெடுத்தார்கள். வயதானவர்களுக்கு முழங்கால் மூட்டில் போடும் ஒருவகை ஊசியிலும் இதே பொருள்தான் இருக்கிறது. முகத்துக்குப் போடும்போது, உடனே சிதைந்துவிடாதபடி அதன் இழைகளை ஒன்றோடொன்று பிணைத்துக் கெட்டிப்படுத்துகிறார்கள்.

ஆறு மாதம், ஓராண்டு என்று சொல்லப்படும் கணக்கு எல்லோருக்கும் எல்லா இடத்துக்கும் பொருந்துவதில்லை. உதடு ஓயாமல் அசைவது, அங்கே விரைவில் குறையும். கண்ணுக்குக் கீழே அசைவு குறைவு, அங்கே ஆண்டுக்கணக்கில் தங்குவதும் உண்டு. அந்த இடத்தின் தோல் மிக மெல்லியது. கூழ் மேலாகத் தங்கிவிட்டால் ஒளி அதில் சிதறி நீலமாகத் தெரியும். ஒளிச்சிதறலை ஆராய்ந்த ஜான் டிண்டால் பெயரால் இதை டிண்டால் விளைவு என்கிறார்கள். இரவில் படுத்திருக்கும்போது அக்கூழ் நீரை ஈர்த்து வைத்துக்கொள்வதால் காலை வீக்கம் வருகிறது. அழுகைக்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

இதைக் கரைக்கும் மருந்தின் பெயர் ஹயலுரானிடேஸ். இது ஒரு நொதி, அதாவது அந்த அமிலத்தின் இழைகளை அறுத்துவிடும் புரதம். இதுவும் மருத்துவர்களுக்குப் புதியதன்று. கண்புரை அறுவைக்கு முன் கண்ணைச் சுற்றி மரத்துப்போகப் போடும் ஊசியில், மருந்து நன்கு பரவுவதற்காக இதைச் சேர்க்கும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு.

ஒன்றை நன்றாக நினைவில் கொள்ள வேண்டும். இந்நொதி ஹயலுரானிக் அமிலத்தை மட்டுமே கரைக்கும். கால்சியம் கலந்த ஃபில்லர், பாலிலாக்டிக் அமிலம், அக்ரிலிக் மணிகள் கொண்டவை, சிலிகான் ஆகியவற்றை இதனால் கரைக்க முடியாது. அவை சிக்கல் தந்தால் வேறு சிகிச்சை வேண்டும், சில வேளை அறுவையே வேண்டியிருக்கும். ஆகவே உள்ளே இருப்பது எது என்று தெரியாமல் எடுக்க முற்படுவது வீண்.

எங்கள் பிள்ளையிடம் அந்த விவரம் இல்லை. எந்த மருந்து, எந்தத் தொகுதி எண் என்று காட்டும் ஒட்டுச்சீட்டோ ரசீதோ அவளுக்குத் தரப்படவில்லை. கேட்டபோது, நல்ல கம்பெனி மருந்துதான் என்ற பதில் மட்டுமே கிடைத்தது. நாங்கள் சந்தித்த தோல்நோய் மருத்துவர், தோலின் மேலடுக்குகளைத் துல்லியமாகக் காட்டும் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் எடுத்து வரச் சொன்னார். அதைப் பார்த்தபின், கரையக்கூடிய வகையாகவே தெரிகிறது என்றார். அன்றுதான் எங்களுக்கு மூச்சு வந்தது.

மார்க்கத்தில் கேட்ட கேள்விகள்

மருத்துவம் ஒருபுறம் இருக்க, அவளை இன்னொன்று வாட்டியது. "நான் அல்லாஹ்வோட படைப்ப மாத்திட்டேனா பெரியம்மா? இதோட தொழுததெல்லாம் கூடாமப் போச்சா?" என்று கேட்டாள். என் கணவர் எங்கள் மஹல்லா ஹள்ரத்திடம், இன்னார் என்று சொல்லாமல் இக்கேள்விகளைக் கொண்டுபோனார். அவர் பொறுமையாக விளக்கியதைச் சுருக்கித் தருகிறேன். இது ஃபத்வா அன்று. உங்கள் நிலைக்கு உங்கள் ஆலிம்களைக் கேளுங்கள்.

அல்லாஹ்வின் படைப்பை மாற்றுமாறு மனிதர்களைத் தூண்டுவேன் என்று ஷைத்தான் கூறியதை அந்நிஸா அத்தியாயத்தின் 119ஆம் வசனம் எச்சரிக்கையாகச் சொல்கிறது. பச்சை குத்துவோரையும், அழகுக்காகப் பற்களை அராவி இடைவெளி உண்டாக்குவோரையும் நபி (ஸல்) அவர்கள் கண்டித்த செய்தி, இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள் வழியாகப் புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ளது. நோயால் முடி உதிர்ந்துபோன புதுமணப் பெண் ஒருத்திக்கு ஒட்டுமுடி வைக்கலாமா என்று அவளுடைய தாய் வந்து கேட்டபோதும் நபியவர்கள் அதை அனுமதிக்கவில்லை. திருமணத்துக்காக அழகைக் கூட்டிக் காட்டும் கவலை இன்று நேற்று வந்ததல்ல என்பதை அந்தச் செய்தியே காட்டுகிறது.

இன்னொரு பக்கமும் உண்டு. குலாப் போரில் மூக்கை இழந்த அர்ஃபஜா (ரலி) அவர்கள் வெள்ளியால் மூக்கு செய்து பொருத்தினார்கள். அதில் துர்நாற்றம் வந்தபோது தங்கத்தால் செய்துகொள்ளுமாறு நபியவர்களே கூறினார்கள். அபூதாவூத், திர்மிதி, நஸாயீ ஆகிய நூல்களில் இச்செய்தி உள்ளது. ஆண்களுக்குத் தங்கம் தடுக்கப்பட்டிருந்தும், குறையைச் சீராக்க வழி திறக்கப்பட்டது. இவ்விரண்டையும் வைத்தே ஆலிம்கள் குறை நீக்குவதையும் அழகைக் கூட்டுவதையும் பிரித்துப் பார்க்கிறார்கள். 2007இல் மலேசியாவின் புத்ரஜாயாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமியும் இந்த வேறுபாட்டின் அடிப்படையிலேயே தீர்மானம் செய்தது. பிறவிக் குறை, விபத்து, நோய் ஆகியவற்றால் வந்த சிதைவைச் சீராக்கலாம். நல்ல நிலையில் உள்ள உறுப்பை ஆசைக்காக மாற்றுவது கூடாது. கரைந்துபோகும் ஃபில்லர் போன்றவற்றில் இக்கால ஆலிம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு என்பதையும் ஹள்ரத் மறைக்காமல் சொன்னார்.

எடுப்பதைப் பற்றிய பதில் தெளிவாக இருந்தது. தொல்லை தரும் பொருளை நீக்கி இருந்த நிலைக்குத் திரும்புவது சிகிச்சை, அதில் தடை இல்லை. தொழுகை பற்றியும் அச்சம் வேண்டாம். உளூவில் கழுவ வேண்டியது தோலின் மேற்பரப்பு. ஃபில்லர் தோலுக்கு உள்ளே இருப்பதால் தண்ணீர் படுவதை அது தடுக்காது. தொழுத தொழுகைகள் நிறைவேறியவையே. மனம் வருந்தினால் அல்லாஹ்விடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்ளட்டும், அவன் மன்னிப்பவன் என்றார்.

மருந்தைப் பற்றியும் கேட்டோம். ஹயலுரானிடேஸ் பெரும்பாலும் ஆடு, மாடு ஆகியவற்றின் விரையிலிருந்து எடுக்கப்படுகிறது. மனித நொதியை ஆய்வகத்தில் உருவாக்கிய வகையும் உலகில் உண்டு, ஆனால் எல்லா இடத்திலும் கிடைப்பதில்லை. ஆடும் மாடும் ஹலாலான பிராணிகள், எனினும் அறுத்த முறை நமக்குத் தெரியாது. வேறு மாற்று கிடைக்காதபோது, மருத்துவர் தேவை என்று சொல்லும் நிலையில், ஊசியாகப் போடுவதில் இடமுண்டு என்பது ஹள்ரத்தின் பதில்.

கணவரிடம் சொன்னது

ஆயத்தங்களில் முதலாவதும் கடினமானதும் இதுதான். கணவருக்குத் தெரியாமலேயே எடுத்துவிடலாம், இரண்டு வாரம் பிறந்த வீட்டில் இருந்துவிட்டுப் போகலாம் என்பது அவளுடைய எண்ணம். என் தங்கைக்கும் அது சரியாகவே பட்டது. நான் மறுத்தேன். வீங்கிய முகத்தோடு அவள் தாய்வீட்டில் இருந்தால் பழி இன்னும் கனமாக அவர்மீதே விழும். மேலும், தன்மீது ஏன் சந்தேகம் வந்தது என்று அறியும் உரிமை அவருக்கு உண்டு.

ஒரு வெள்ளிக்கிழமை இரவு அவளே சொன்னாள். அவர் கோபப்படவில்லை. கண்ணுக்குக் கீழே போட்டதைப் பற்றி ஒன்றும் கேட்கவும் இல்லை. "எங்கம்மா என்னக் கேட்டப்போ நீ பக்கத்துலதானே இருந்தே?" என்று மட்டும் கேட்டுவிட்டு இரண்டு நாள் பேசாமல் இருந்தார். அந்த இரண்டு நாள் அவள் பட்ட பாட்டை நான் அறிவேன். மூன்றாம் நாள், எந்த டாக்டர், எப்போது போகணும் என்று அவரே கேட்டார்.

மற்றவர்களிடம் எவ்வளவு சொல்வது என்பதையும் அவரே தீர்மானித்தார். கண்ணுக்குக் கீழே செய்த ஒரு சிகிச்சையின் விளைவு இது, மருத்துவரிடம் காட்டுகிறோம் என்று தம் தாயாரிடம் சொன்னார். அதில் பொய்யில்லை. மனைவியின் மறைவும் காக்கப்பட்டது, அவர் மீதிருந்த சந்தேகமும் நீங்கியது. பிறருடைய குறையை மறைப்பவரின் குறையை அல்லாஹ் மறைப்பான் என்று படித்திருக்கிறோம். வயதில் இளையவர் ஒருவர் அதை நடத்திக் காட்டினார்.

மருத்துவத்துக்கான ஆயத்தம்

மருத்துவரைத் தேர்ந்தெடுப்பதில் நாங்கள் பார்த்தவை நான்கு. முதலாவது, தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலில் பதிவு பெற்ற, தோல் மருத்துவத்திலோ பிளாஸ்டிக் சர்ஜரியிலோ பட்டமேற்படிப்பு முடித்தவரா என்பது. இரண்டாவது, போடுவதில் மட்டுமன்றிக் கரைப்பதிலும் பழக்கம் உள்ளவரா என்பது. மூன்றாவது, ஒவ்வாமை வந்தால் சமாளிக்க அட்ரினலின் ஊசியும் ஆக்சிஜனும் அந்த இடத்திலேயே உள்ளனவா என்பது. நான்காவது, பெண் மருத்துவரா என்பது. குரோம்பேட்டைப் பக்கம் அப்படி ஒருவர் கிடைத்தார், அல்ஹம்துலில்லாஹ்.

முதல் சந்திப்பில் மருத்துவர் கேட்ட கேள்விகளை இங்கே எழுதுகிறேன், யாருக்கேனும் உதவும். கருவுற்றிருக்க வாய்ப்பு உண்டா? புதுமணப் பெண் என்பதால் பரிசோதனை செய்த பிறகே நாள் குறித்தார். முகத்தில் கட்டி, புண், சீழ் ஏதும் உண்டா? ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபென், மீன் எண்ணெய் மாத்திரை போன்றவை எடுக்கிறாளா? இவை இரத்தம் கட்டுவதைக் கூட்டும். ஆனால் இதய நோய்க்கோ வேறு காரணத்துக்கோ மருத்துவர் எழுதிக்கொடுத்து உண்பவர்கள் தாமாக நிறுத்திவிடக் கூடாது, எழுதியவரைக் கேட்க வேண்டும் என்றும் சொன்னார்.

கடைசிக் கேள்வி எங்களைத் திடுக்கிட வைத்தது. தேனீயோ குளவியோ கொட்டி எப்போதாவது உடம்பெல்லாம் தடித்திருக்கிறதா என்று கேட்டார். அவளுக்கு ஒன்பது வயதிருக்கும்போது நன்னா வீட்டுத் தோட்டத்தில் குளவி கொட்டி, கையும் முகமும் வீங்கி மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறோம். அந்தப் பூச்சிகளின் நஞ்சிலும் ஹயலுரானிடேஸ் இருக்கிறது, ஆதலால் கொட்டி ஒவ்வாமை வந்தவர்களுக்கு இம்மருந்தும் ஒவ்வாமல் போகலாம் என்று விளக்கினார். இப்படி ஒரு கேள்வியைக் கேட்காமல் ஊசி எடுப்பவரிடம் எவரும் முகத்தைக் கொடுக்க வேண்டாம்.

புகைப்படத்தைப் பற்றியும் பேசிக்கொண்டோம். சிகிச்சைக்கு முன்னும் பின்னும் படம் எடுப்பது மருத்துவ வழக்கம், ஒப்பிட்டுப் பார்க்க அது தேவை. அதே படம் விளம்பரத்தில் வருவதும் உண்டு. முகத்தை மூடும் பெண்ணுக்கு அது எத்தனை பெரிய விஷயம்! சம்மதப் படிவத்தில் படம் பற்றிய வரியைத் தனியே படித்து, மருத்துவக் கோப்புக்கு மட்டும் என்று எழுதிக் கையொப்பம் இட்டாள். மருத்துவர் முகம் சுளிக்காமல் ஏற்றுக்கொண்டார்.

நாள் குறிப்பதில் ரமலான் நினைவுக்கு வந்தது. சத்துக்காகப் போடப்படாத ஊசியால் நோன்பு முறியாது என்பது பல ஆலிம்களின் கருத்து. எனினும் ஒரே தடவையில் முடியாமல் போகலாம், இரண்டு வாரம் கழித்து மீண்டும் பார்க்க வேண்டும் என்று மருத்துவர் சொன்னதால், ரஜபின் கடைசி வாரத்தையே தேர்ந்தெடுத்தோம்.

அந்த நாள்

முதலில் முன்கையின் உட்புறத்தில், தோலுக்குள் ஒரு சொட்டு மருந்தை ஏற்றிப் பார்த்தார்கள். அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். அந்த இடம் தடித்து, அரித்து, பரவினால் சிகிச்சை இல்லை. அப்படியானால் அந்த நீலத்தோடும் வீக்கத்தோடும் அவள் இன்னும் எத்தனை ஆண்டு இருக்க நேரும் என்று யாருக்கும் தெரியாது. அவளுடைய உதடு இஸ்திக்ஃபாரில் அசைந்துகொண்டிருந்தது. கணவர் கடிகாரத்தையும் அவள் கையையும் மாறிமாறிப் பார்த்தார். ஊசி குத்திய இடத்தில் சிறு சிவப்பு வந்தது, பத்து நிமிடத்தில் மங்கியது. அரை மணி முடிந்ததும் மருத்துவர் தொட்டுப் பார்த்து, போடலாம் என்றார்.

1500 அலகு கொண்ட பொடியை உப்புநீரில் கரைத்து, அதிலிருந்து மிகச் சிறு பங்கையே எடுத்தார்கள். கண்ணுக்குக் கீழே அளவு கூடினால் பள்ளம் ஆழமாகத் தெரியும், ஆகவே குறைவாகத் தொடங்கித் தேவைப்பட்டால் மீண்டும் போடுவதே நல்லது என்றார். மரத்துப்போகும் களிம்பு தடவியிருந்தும், மருந்து ஏறும்போது மிளகாய் பட்டது போல் எரிந்ததாக அவள் சொன்னாள். ஊசிக்குப்பின் மருத்துவர் விரலால் மெல்ல நீவிவிட்டார். எல்லாம் பத்து நிமிடத்துக்குள் முடிந்தது. அதன்பிறகும் ஒரு மணி நேரம் அங்கேயே இருக்கச் செய்து, மூச்சுத் திணறலோ தடிப்போ இல்லை என்று பார்த்த பின்னரே அனுப்பினார்கள்.

தேறிய நாட்கள்

அன்றிரவு வலக்கண் பாதி மூடிக்கொண்டது. இது வரும் என்று முன்பே சொல்லியிருந்ததால் பதறவில்லை. இரண்டு தலையணை உயர்த்திப் படுக்கை, துணியில் சுற்றிய குளிர் ஒத்தடம், ஒரு நாளைக்கு ஒப்பனையும் சூடும் கடும் வேலையும் கூடாது, தேய்க்கக் கூடாது. இவ்வளவுதான் கட்டளை. நிகாபின் கட்டு வீக்கத்தின் மேல் அழுத்தாதபடி தளர்த்தி அணியச் சொன்னார்.

தொழுகைக்கும் வழி கேட்டு வைத்திருந்தோம். முகத்தில் தண்ணீர் மெதுவாக ஓடலாம், தேய்க்க வேண்டாம் என்றார் மருத்துவர். ஹனஃபி, ஷாஃபிஈ மத்ஹபுகளில் உளூவின்போது தேய்ப்பது ஃபர்ள் அன்று, தண்ணீர் ஓடினால் போதும். ஆகவே தயம்மும் தேவைப்படவில்லை. முதல் நாள் தலையைத் தாழ்த்த வேண்டாம் என்று மருத்துவர் சொன்னதால், ஹள்ரத் காட்டிய முறைப்படி உட்கார்ந்து, ருகூவைவிட ஸஜ்தாவுக்குச் சற்று அதிகமாகக் குனிந்து சாடையாகத் தொழுதாள். மறுநாள் அஸர் முதல் வழக்கம்போல் ஸஜ்தா செய்தாள்.

நொதியின் வேலை ஓரிரு நாளில் முடிந்துவிடும். மூன்றாம் நாள் வீக்கம் வடிந்து மஞ்சள் பூத்தது. ஐந்தாம் நாள் கண்ணாடி முன் நின்றவள் அழுதுவிட்டாள். நீலம் போய்விட்டது, பள்ளம் வந்துவிட்டது. முன்பைவிட ஆழமாக இருக்கிறது, தோல் தொய்ந்துவிட்டது என்றாள். பத்து மாதம் நிறைந்திருந்த முகத்துக்கே கண் பழகிவிட்டிருந்தது. மருந்து அக்கம்பக்கத்தில் உள்ள இயற்கையான அமிலத்தையும் சிறிது குறைக்கும், ஆனால் அதை உடம்பு விரைவில் உண்டாக்கிக்கொள்ளும், இரண்டு வாரத்துக்கு முன் எந்த முடிவுக்கும் வராதே என்று மருத்துவர் முன்பே எச்சரித்திருந்தார். அந்த நாட்களில் அவள் அருகில் யாராவது இருப்பது ஊசியைப் போலவே தேவையாக இருந்தது. இரண்டு வாரம் கழித்து, மூக்கோரம் எஞ்சியிருந்த ஒரு சிறு கட்டிக்கு மட்டும் மீண்டும் கொஞ்சம் மருந்து போட்டார்கள். ஷஅபான் முடியுமுன் முகம் தேறிவிட்டது. மீண்டும் போட்டுக்கொள்வாயா என்று யாரும் கேட்கவில்லை. "நன்னிக்கும் இதே கண்ணுதானே பெரியம்மா" என்று அவளே ஒருநாள் சொன்னாள்.

நம் குடும்பங்களுக்கு

ஃபில்லர் போட்டவுடனேயோ சில மணி நேரத்துக்குள்ளோ தோல் வெளுத்து, பின் திட்டுத்திட்டாகக் கறுத்தால், தாங்க முடியாத வலி வந்தால், பார்வை மங்கினால், அது இரத்தக்குழாய் அடைபட்டதன் அடையாளமாக இருக்கலாம். இரகசியம் காக்கும் நேரம் அதுவல்ல. அந்தக் கணமே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். நேரம் கடந்தால் தோல் அழுகலாம், கண் பார்வையே போகலாம். ஏற்கெனவே போட்டிருந்தும் எந்தத் தொல்லையும் இல்லாதவர்கள் அஞ்சி ஓட வேண்டியதில்லை. மருத்துவரையும் ஆலிமையும் கேட்டு நிதானமாக முடிவு செய்யலாம்.

பெண் பார்க்கச் செல்லும் தாய்மார்களுக்கும் ஒரு வேண்டுகோள். அல்லாஹ் அழகானவன், அழகை விரும்புகிறான் என்று நபி (ஸல்) அவர்கள் கூறியது, பெருமைக்கும் பிறரை இழிவாக எண்ணுவதற்கும் எதிராகப் பேசிய இடத்தில்தான். நிறம் மட்டம், கண் உள்ளே போயிருக்கிறது, உதடு மெலிசு என்று நாம் தேநீர் அருந்திக்கொண்டே சொல்லிவிட்டு வரும் சொல், அந்த வீட்டுப் பிள்ளையின் உள்ளத்தில் தங்கிவிடுகிறது. அதைக் கரைக்க மருந்து கிடையாது. பிடிக்கவில்லையென்றால் நல்ல முறையில் மறுத்துவிட்டு வரலாம், முகத்தை அலசத் தேவையில்லை. மனிதனை மிக அழகிய அமைப்பில் படைத்ததாக அத்தீன் அத்தியாயத்தில் கூறியவன் அல்லாஹ் என்பதை அந்த நேரத்தில் நினைத்துக்கொள்வோம்.

நம் பெண் மக்கள் எதைச் செய்திருந்தாலும், திரும்பி வந்து சொல்வதற்கு வீட்டில் ஒரு மடியாவது இருக்கட்டும். தோற்றத்தை அழகாக்கிய ரப்பு நம் குணங்களையும் அழகாக்குவானாக, நம் குடும்பங்களில் மறைவுகளைப் பேணி மனங்களை இணைப்பானாக, ஆமீன்.

வஸ்ஸலாம்.